ஜனவரிச் சேவலுக்கு எந்தச் சோக், எந்தத் தோட்டா?

அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை ஃபெசன்ட் (நீள வாலுள்ள, காட்டுக்கோழி மாதிரியான பறவை) வேட்டை சீசன் திறக்கும். அன்றைக்கு வேட்டை சுலபமாகத்தான் தெரியும். மக்காச்சோள வயல் ஓரமாக நடந்தால் காலடியிலிருந்தே சேவல் எழும்பும். அதில் நிறைய அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள், துப்பாக்கிச் சத்தமே கேட்டிராதவை, இருபது இருபத்தைந்து கெஜத்தில் எதைப் போட்டுச் சுட்டாலும் விழும். டிசம்பர் பாதிக்கு மேல் எல்லாம் மாறிவிடும். அறுவடை முடிந்து நிலம் மொட்டையாகக் கிடக்கும், குட்டைகள் உறைந்திருக்கும், தப்பிப் பிழைத்த பறவைகள் எல்லாம் சம்புப் புதருக்குள்ளும் காற்றுத் தடுப்புக்காக நட்ட மரவரிசைக்குள்ளும் கூட்டமாக அடைந்துகொள்ளும். (சம்பு என்றால் நம் ஊர் ஏரிக்கரையில் வளர்கிற அதே சம்பங்கோரைதான், இங்கே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்.) கார்க் கதவு அடிக்கிற சத்தம் கேட்டால் போதும், புதரின் மறுபக்கமாக எழுந்து போய்விடும்.

சீசன் ஜனவரி 31 வரை இருக்கிறது. இந்தக் கடைசி ஆறு ஏழு வாரத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்கிற அறிவுரை ஒன்றுதான்: பறவை தூரத்தில் எழும்பும், அதனால் ஃபுல் சோக் (குழல் நுனியை நன்றாகக் குறுக்குகிற குழாய்) மாட்டு, மூன்று அங்குல மேக்னம் (நீளமான, பலமான தோட்டா) போடு. என் முதல் ஜனவரியில் நானும் அதையே செய்தேன். ஒரு நாள் நாற்பத்தைந்து கெஜம் இருக்கும், ஒரு சேவல் எழும்பி நேராக எனக்கு முதுகு காட்டிப் போனது. ஆறாம் நம்பர் ரவையால் (தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உருண்டைகள்) சுட்டேன். இறகு பறந்தது, ஒரு கால் தொங்கியது, அப்படியே சறுக்கிக்கொண்டு போய் எதிர்ச் சம்புக்குள் இறங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம் தேடினோம், பனியில் நான்கு சொட்டு ரத்தமும் ஒரு வால் இறகும்தான் கிடைத்தது. அந்தப் பறவை எங்கேயோ கிடந்து செத்திருக்கும். அதற்கப்புறம்தான் சோக், தோட்டா விஷயத்தை உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆகவே முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை. லைசென்ஸ் தேதி முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நண்பருடைய துப்பாக்கியைத் தொடுவதற்கும் இதே விதிதான். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அப்புறம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு: அயோவாவில் 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். கட்டாயம் இல்லாத மாநிலத்தில் இருந்தாலும் போய் உட்காருங்கள்.

சோக் என்ன செய்கிறது

ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒரே குண்டு இல்லை, சின்னச் சின்ன உருண்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே ரவை என்கிறேன். குழலை விட்டு வெளியே வந்ததும் ரவை விரிய ஆரம்பிக்கும். குழலின் நுனியில் ஒரு சின்னக் குறுக்கம் இருந்தால் அந்த விரிவு தள்ளிப்போகும், அந்தக் குறுக்கத்துக்குப் பெயர்தான் சோக். கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் குறையக்குறையக் குழல் அகலம். 12 கேஜ் குழலின் உள் அகலம் ஏறத்தாழ 0.729 அங்குலம். சிலிண்டர் என்றால் குறுக்கமே இல்லை. இம்ப்ரூவ்டு சிலிண்டர் சுமார் 0.010 அங்குலம், மாடிஃபைடு 0.020, ஃபுல் 0.035-க்குப் பக்கம். சில தாள்களின் தடிமன் அளவுள்ள இந்த வித்தியாசம்தான் நாற்பது கெஜத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அளக்கிற முறை இது. 40 கெஜத்தில், 30 அங்குல அகல வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுகிறது என்று பார்ப்பார்கள். ஈய ரவைக்குச் சிலிண்டர் 40, இம்ப்ரூவ்டு 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70 என்பது வழக்கமான கணக்கு. ஒன்றேகால் அவுன்ஸ் ஐந்தாம் நம்பர் ஈயத் தோட்டாவில் சுமார் 212 ரவை இருக்கும். அதை மாடிஃபைடில் சுட்டால் வட்டத்துக்குள் 127, ஃபுல்லில் 148. இருபத்தோரு ரவை அதிகம், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே ஃபுல் இருபது கெஜத்தில் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி அகலம்தான் விரியும். பறவை பக்கத்தில் எழும்பினால் ஒன்று தவறவிடுவீர்கள், இல்லை நெஞ்சுக்கறி முழுக்க ரவையாகிவிடும்.

கழற்றி மாட்டுகிற சோக் குழாய்களில் விளிம்பில் வெட்டுக்கள் போட்டிருப்பார்கள். பல கம்பெனிகளில் ஒரு வெட்டு ஃபுல், மூன்று மாடிஃபைடு, நான்கு இம்ப்ரூவ்டு, ஐந்து சிலிண்டர். வெட்டு கூடக்கூட வாய் அகலம். ஒரு கம்பெனிக் குழாயின் மரை இன்னொன்றுக்குப் பொருந்தாது, ஆகவே துப்பாக்கியின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். குழாய் இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடக்கூடாது, மரை கெட்டுவிடும். மாற்றும்போது துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பாருங்கள். முகம் குழலின் வாய்க்கு நேரே போகிற வேலை இது.

பறவை எங்கே எழும்புகிறது என்று முதலில் பாருங்கள்

சோக்கைக் காலண்டர் பார்த்து மாட்டக்கூடாது, அன்றைய புதரைப் பார்த்து மாட்ட வேண்டும். ஜனவரி என்றாலே தூரம் என்பது உண்மை இல்லை. காற்றடிக்கிற, பனி பழசாகி மேலே ஓடு கட்டின நாளில் ஒவ்வொரு காலடியும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி கேட்கும். அப்போது சேவல் 40, 50 கெஜத்தில் எழும்பி ஓடிவிடும். ஆனால் ராத்திரி முழுக்கப் புதுப்பனி கொட்டி, காலையில் காற்று அடங்கி, சம்பு எல்லாம் பனிக்கூரை போட்டு நின்றால் அதே பறவைகள் நகராமல் உட்கார்ந்திருக்கும், மிதிக்கிற அளவுக்குப் பக்கத்தில் வெடித்துக் கிளம்பும். அந்த நாளில் ஃபுல் சோக் போட்டுப் போகிறவர் நல்ல வேட்டையைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

எனவே எல்லாக் குழாயையும் பையில் எடுத்துப் போங்கள். முதல் அரை மணி நேரம் நான் மாடிஃபைடோடு நடப்பேன். எழும்புகிற முதல் நாலைந்து பறவை, பெட்டையானாலும் சரி, எத்தனை கெஜத்தில் கிளம்புகின்றன என்று காலடி எண்ணிப் பார்ப்பேன். இருபத்தைந்துக்குள் என்றால் இம்ப்ரூவ்டுக்கு மாற்றுவேன். இரட்டைக்குழல் வைத்திருந்தால் இன்னும் வசதி: முதல் குழலில் இம்ப்ரூவ்டு, இரண்டாவதில் மாடிஃபைடு, ஓடு கட்டின பனியில் மாடிஃபைடும் இம்ப்ரூவ்டு மாடிஃபைடும் (மாடிஃபைடுக்கும் ஃபுல்லுக்கும் நடுவில் உள்ளது). ஒரே ஒரு குழாய்தான் வாங்க முடியும் என்று கேட்டால் யோசிக்காமல் மாடிஃபைடு என்பேன்.

ரவை நம்பர்

குளிர்காலச் சேவல் கனமான பறவை, ஒண்ணேகால் கிலோவுக்கு மேலே வரும், முழு இறகு, தோலுக்கடியில் கொழுப்பு. நம்மை விட்டு விலகிப் பறக்கும்போது ரவைக்கு எதிரில் இருப்பது முதுகெலும்பு, இடுப்பெலும்பு, குடல், கல் நிறைந்த இரைப்பை. அதையெல்லாம் தாண்டித்தான் உயிர்நிலைக்குப் போக வேண்டும். சின்ன ரவை கூட்டமாகப் போய்ப் பட்டாலும் உள்ளே இறங்காது, பறவை அடிபட்டுப் பறந்துவிடும். என்னுடைய அந்தச் சேவலுக்கு அதுதான் நடந்தது. நம்பர் கூடக்கூட ரவை சின்னதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புதியவர்கள் நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஈயத்தில் அவுன்ஸுக்கு நாலாம் நம்பர் சுமார் 135 ரவை, ஐந்து 170, ஆறு 225, ஏழரை 350. ஏழரை களிமண் தட்டு சுடுவதற்கு. அதை இந்த மாதத்தில் பையில்கூட வைக்காதீர்கள். ஆறு அக்டோபருக்குச் சரி. டிசம்பர், ஜனவரிக்கு நான் ஐந்துதான் போடுகிறேன், பறவை மிகவும் தூரத்தில் எழும்புகிற இடத்துக்கு நாலு. அளவு ஒன்றேகால் அவுன்ஸ், வினாடிக்கு 1330 அடி வேகம், இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா. இதுவே போதும். மூன்று அங்குலம் வேண்டுமே என்று தோள்பட்டையை இடிக்க விட்டால் இரண்டாவது வெடி தாமதமாகும். ஃபியோக்கியின் கோல்டன் ஃபெசன்ட் மாதிரி நிக்கல் பூசின ரவைகள் விலை கூடுதல், ஆனால் காரணம் இருக்கிறது. வெறும் மென்மையான ஈயம் குழலுக்குள் நசுங்கி உருண்டை கெட்டுப்போகும், கெட்ட உருண்டை கோணலாகப் பறக்கும். கடினமாக்கி மேலே நிக்கலோ செம்போ பூசினது உருண்டையாகவே போய்ச் சேரும், உள்ளேயும் இறங்கும். 20 கேஜ் வைத்திருப்பவர்கள் ஒரு அவுன்ஸுக்குக் குறையாமல் போட்டு, 35 கெஜத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

இருபது கேஜ் என்றதும் நினைவுக்கு வருகிறது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: 12 கேஜ் துப்பாக்கி எடுத்துப் போகிற சட்டைப் பையில் ஒரே ஒரு 20 கேஜ் தோட்டாகூட இருக்கக்கூடாது. அது 12 குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் உங்கள் கைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். அதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சளில் செய்கிறார்கள்.

ஈயம் கூடாத நிலம்

புதியவர்கள் பெரும்பாலும் பொது நிலத்தில்தான் வேட்டையாடுவார்கள். குளிர்காலச் சேவலுக்குப் பிடித்த சம்புக் குட்டைகள் நிறைய இருப்பது மத்திய அரசின் வாட்டர்ஃபௌல் ப்ரொடக்‌ஷன் ஏரியாக்களில் (நீர்ப்பறவைகளுக்காக ஒதுக்கின நிலங்கள்), அங்கே ஈய ரவையைப் பையில் வைத்திருந்தாலே குற்றம். சவுத் டகோட்டாவின் பெரும்பாலான பொது நிலங்களிலும் ஈயம் கூடாது. வாத்துகள் அடியில் கிடக்கும் ஈய ரவையைக் கல் என்று நினைத்து விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால்தான் 1991-லிருந்து நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடை. காரை விட்டு இறங்கும் முன் வாசல் போர்டைப் படித்துவிட்டு, கோட்டுப் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள், போன வருஷத் தோட்டா ஒன்று மூலையில் ஒளிந்திருக்கும்.

அங்கே எஃகு ரவைதான் மலிவு. எஃகு ஈயத்தைவிட லேசு, ஈயத்தின் அடர்த்தி 11-க்கு மேல், எஃகு 8-க்குக் கீழே. லேசான உருண்டை வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், அதனால் இரண்டு நம்பர் பெரிதாகப் போக வேண்டும். ஈயத்தில் ஐந்து போடுகிற இடத்தில் எஃகில் மூன்று, நாலு போடுகிற இடத்தில் இரண்டு. 1⅛ அவுன்ஸ் இரண்டாம் நம்பரில் சுமார் 140 ரவை. வேகம் 1400-க்கு மேல் இருக்கிற பெட்டியாகப் பாருங்கள். எஃகு நசுங்காது, ஆகவே அது இயல்பாகவே இறுக்கமாகப் போகும். மாடிஃபைடில் சுட்டாலே ஈயம் ஃபுல்லில் போவதற்குப் பக்கத்தில் வந்துவிடும், பக்கத்தில் எழும்பும் நாளுக்கு இம்ப்ரூவ்டே போதும். ஃபுல்லில் பெரிய எஃகு ரவை போட்டால் குழாய் வீங்கி மாட்டிக்கொள்ளலாம், குழலே கெடலாம். குழாயின் மேல் எஃகு கூடாது என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். யாரோ கொடுத்த தாத்தா காலத்துத் துப்பாக்கி, சோக் கழற்ற முடியாதது என்றால் எஃகு வேண்டவே வேண்டாம். அதற்குப் பிஸ்மத் இருக்கிறது, ஈயத்துக்குப் பக்கத்து அடர்த்தி, மென்மை, நாலு அல்லது ஐந்தாம் நம்பர். விலை அதிகம்தான், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று சேவல்தான் அனுமதி, ஒரு பெட்டி ரொம்ப நாள் வரும்.

குழலின் பக்கவாட்டில், தோட்டா உட்காருகிற அறையின் நீளம் பொறித்திருக்கும். இரண்டேமுக்கால் என்று இருந்தால் மூன்று அங்குலத் தோட்டா போகிற மாதிரி நுழையும், ஆனால் போடக்கூடாது.

தாளில் சுட்டுப் பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை, இதைத்தான் எல்லாரும் செய்ய வேண்டும். மேலே சொன்ன சதவீதமெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் குழல், உங்கள் குழாய், அந்தப் பெட்டித் தோட்டா மூன்றும் சேரும்போது என்ன வரும் என்று சுட்டால்தான் தெரியும். நாலடிக்கு நாலடி பழுப்புத் தாள் ஐந்தாறு, பின்னால் ஒட்ட ஒரு அட்டை. 40 கெஜம் டேப் போட்டு அளந்து நில்லுங்கள். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதைப் பார்த்து ஒரே ஒரு வெடி. தாளை எடுத்து ரவை நெருக்கமாக விழுந்த இடத்தின் நடுவே ஓர் ஆணி வைத்து, 15 அங்குலக் கயிற்றில் பென்சில் கட்டி வட்டம் போடுங்கள். ஓட்டைகளை எண்ணுங்கள். எண்ணினதை மார்க்கரால் அடித்துக்கொண்டே போனால் குழப்பம் வராது. ஒரு தோட்டாவுக்கு மூன்று தாளாவது வேண்டும், ஒரே தாளை நம்பாதீர்கள்.

எண்ணிக்கை மட்டும் இல்லை. ஒரு அட்டையில் சேவலின் உடம்பு அளவுக்கு, வாலை விட்டுவிட்டு, ஒரு வடிவம் வெட்டி வட்டத்துக்குள் அங்கங்கே நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் வைத்தாலும் நாலைந்து ஓட்டை உள்ளே வர வேண்டும். ஒரு பக்கம் ஏழு எட்டு, இன்னொரு பக்கம் ஒன்றுகூட இல்லை என்றால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகவில்லை, வேறு பெட்டி வாங்குங்கள். என் துப்பாக்கியில் ஃபுல் போட்டுச் சுட்ட நாலாம் நம்பர் நடுவில் கொத்தாகவும் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகவும் வந்தது, அதே தோட்டா மாடிஃபைடில் சீராகப் பரவியது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து இது தெரியாது. 25 கெஜத்திலும் இரண்டு தாள் சுட்டுவிடுங்கள், பக்கத்துப் பறவைக்கு அந்த விரிவு எவ்வளவு குறைச்சல் என்று கண்ணுக்குத் தெரியும்.

புள்ளியின் இடத்தில்தான் வட்டம் விழுகிறதா என்றும் கவனியுங்கள். தடித்த குளிர்க் கோட்டோடு ஒருமுறை சுடுங்கள், கட்டை தோளில் உட்காருகிற இடம் மாறி எல்லாம் மேலே போகும்.

வயலில்

சுடும் நேரம் காலை 10 மணியிலிருந்து சூரியன் மறையும் வரை. காரைத் தள்ளி நிறுத்தி, கதவை அழுத்தி மூடுங்கள், நாயின் பெயரைக் கூப்பிடாதீர்கள். எதிர்க்காற்றில் நடங்கள், சத்தம் பின்னால் போகும். ஆரஞ்சுத் தொப்பியும் மேல்சட்டையும் போடுங்கள். புதரின் மறுமுனையில் ஒருவரை நிறுத்தி வைத்தால் அவர் எங்கே நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும், பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டும்தான் விசையில் விரல். உறைந்த குட்டையில் நீர் எலிகள் கட்டின மேட்டைச் சுற்றிப் பனிக்கட்டி மெல்லிசாக இருக்கும், சுற்றிப் போங்கள்.

சேவல் மட்டும்தான் சுடலாம். குளிர்காலச் சூரியன் தாழ்வாக நிற்கும், எதிர்வெளிச்சத்தில் பெட்டையும் கறுப்பாகத்தான் தெரியும். கொக்கரிக்கும் சத்தம், நீள வால், கழுத்தின் வெள்ளை வளையம் இவற்றில் ஒன்றாவது நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருங்கள்.

அப்புறம் அந்த வால். எழும்புகிற சேவலைப் பார்த்தால் கண் முழு நீளத்தையும் ஒரே பறவையாக எடுத்துக்கொள்ளும், நடுவில் குறி வைப்போம். ஆனால் அந்த நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி வெறும் வால், ரவை எல்லாம் பின்னால் போய்விடும் அல்லது பின்பக்கத்தில் பட்டுக் காயம் மட்டும் ஆகும். கழுத்து வளையத்தைப் பாருங்கள், அலகைப் பாருங்கள். தலையும் கழுத்தும் வட்டத்துக்குள் வந்தால் ஒரு ரவையே போதும்.

நாற்பது கெஜம் என் எல்லை. தாளில் நாற்பத்தைந்திலும் நன்றாக வருகிறது என்று தெரிந்தால் நீங்கள் உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது தாளிலிருந்து வரட்டும். எல்லைக்கு வெளியே எழும்பின சேவலை அப்படியே விட்டுவிடுங்கள், எந்த ரோட்டைத் தாண்டி எந்தச் சம்பில் இறங்குகிறது என்று மட்டும் பார்த்து வைத்தால் மதியத்துக்கு மேல் வேறு பக்கமாகப் போய்ப் பார்க்கலாம். அடிபட்ட பறவை தலையை நிமிர்த்திக்கொண்டு விழுந்தால் அது ஓடும், உடனே இரண்டாவது வெடி வைக்க வேண்டும். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக நடந்து போய்த் தொப்பியை அங்கே வைத்துவிட்டு, அதிலிருந்து வட்டமாகத் தேடுங்கள். நாய் இருந்தால் நாயை நம்புங்கள். வீடு சேரும்வரை ஒரு காலையோ தலையையோ இறகோடு ஓர் இறக்கையையோ பறவையில் விட்டுவைக்க வேண்டும், வார்டன் (வேட்டை விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி) கேட்டால் சேவல்தான் என்று காட்டுவதற்கு.

சமைக்கும்போது தோலில் சின்ன ஊதாப் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே கத்தி நுனியை விட்டு ரவையையும் அதோடு உள்ளே போன இறகையும் எடுத்துவிடுங்கள். எஃகு ரவை என்றால் ஒரு காந்தத்தைக் கறியின் மேல் நகர்த்துங்கள், பல் தப்பிக்கும்.

குளிர் இன்னொன்று செய்யும். மைனஸ் 15 டிகிரியில் துப்பாக்கிக்குள் போட்ட கெட்டியான எண்ணெய் தேன்போல் ஆகிவிடும், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற அடிகம்பி மெல்ல விழும், தோட்டா வெடிக்காது. சீசனின் இந்தப் பாதிக்கு எண்ணெயைத் துடைத்தெடுத்து, பெயருக்கு ஒரு பூச்சு மட்டும் விடுங்கள். சோக் குழாய் சுடச்சுடத் தளரும், ஒவ்வொரு நடை முடிந்ததும் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு விரலால் இறுக்கிப் பாருங்கள். சாயங்காலம் துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வேர்க்கும். உறையைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைக் கழற்றி மரையின் ஈரத்தைத் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் திரும்ப மாட்டுங்கள். இல்லாவிட்டால் மார்ச் மாதம் அது துருப்பிடித்துக் கழற்றவே வராது.